நுவரெலியாவின் கறுப்பு பீரும் கோத்தகிரி ஐயாவும்

போன டிசம்பரில் ஆபீஸ் வேலையாக கொழும்பு போய்விட்டு வந்தபோது, பெட்டியில் நாலு டின் லயன் ஸ்டவுட் இருந்தது. ஒவ்வொன்றும் அரை லிட்டர். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் ஒருத்தர் 2 லிட்டர் மது கொண்டு வரலாம் என்பது சுங்க விதி. கணக்கு சரியாக வந்தது. பீளமேட்டில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் வீட்டம்மா முதலில் பார்த்தது அதைத்தான். "ஏனுங்க, இதுக்குத்தான் கொழும்பு போனீங்களா?"

நான் குடிகாரன் இல்லை. வருடத்துக்கு நாலைந்து தடவை, அதுவும் பெங்களூர் போகும்போது. எங்கள் பக்கத்தில் குடி என்ற சொல்லோடு ரசனை என்ற சொல் சேர்ந்து வராது. சண்டை, கடன், ஆஸ்பத்திரி என்பவைதான் சேர்ந்து வரும். என் சொந்தத்திலேயே மூன்று வீடுகள் அதில் நொடித்துப்போனதைப் பார்த்தவன். அதனால் ஒரு பீரை "எப்படி ருசிப்பது" என்று எழுத எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கறுப்பு பீருக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதன் ஒரு முனை பழைய கோயம்புத்தூர் ஜில்லாவில் இருக்கிறது, இன்னொரு முனை இலங்கை மலையகத்தில். இரண்டையும் சேர்த்து வைக்கிற ஒரு மனிதர் கோத்தகிரியில் இருந்தார். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கோயம்புத்தூர் முனை. 1819-இல் நம் ஜில்லா கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி கோத்தகிரிப் பக்கம் திம்பட்டியில் தங்கிய கதை எல்லாருக்கும் தெரியும். நீலகிரி தனி நிர்வாகமானது 1868-இல்தான். அதுவரை குன்னூர், கோத்தகிரிப் பக்கமெல்லாம் கோயம்புத்தூர் ஜில்லா. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1857-இல் நீலகிரியில் 'காஸில்' என்ற பேரில் ஒரு பீர் ஆலை ஆரம்பமானது. 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து பீர் ஆலைகளைச் சேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸ் கம்பெனியை உண்டாக்கினார். பின்னாளில் விட்டல் மல்லையா கைக்குப் போய் கிங்ஃபிஷர் பீர் விற்ற அதே கம்பெனிதான். அந்த ஐந்தில் வயதில் மூத்தது இந்தக் காஸில். 'நீலகிரி ப்ரூவரீஸ்' என்று இன்னொன்றும் அந்த ஐந்தில் உண்டு. ஆக, இந்தியாவின் பெரிய பீர் கம்பெனியின் வேர் ஒன்று நம்ம மேட்டுப்பாளையத்துக்கு மேலேதான் இருக்கிறது.

ஏன் மலையில்? ஐஸ் மெஷின் வராத காலம். பீர் புளிக்கிற ஈஸ்ட்டுக்கு 15 முதல் 20 டிகிரி வரை குளிர் வேண்டும். அதற்கு மேல் சூடானால் பீர் புளித்துக் கெட்டுவிடும். வெள்ளைக்காரர்கள் இந்தத் துணைக்கண்டத்தில் பீர் ஆலை வைத்த ஊர்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள்: கசௌலி, முர்ரீ, நீலகிரி, நுவரெலியா. எல்லாம் மலைவாசஸ்தலம். (முர்ரீ ஆலையின் மேனேஜர் எட்வர்ட் டயர். அவர் மகன்தான் ஜாலியன்வாலாபாக் ஜெனரல் டயர். பீர் வரலாறு படிக்கப்போனால் இப்படியெல்லாம் இடறும்.) கிராக்கிக்கும் குறைவில்லை. 1850-களில் வெலிங்டன் பட்டாளம் வந்துவிட்டது. பெரிய பீப்பாய்களில் மாட்டு வண்டியில் பட்டாளத்துக்கு பீர் போனது.

பட்டாளத்துக்காரன் என்ன பீர் குடித்தான் என்பதில் ஒரு பொதுவான தப்பெண்ணம் உண்டு. 'இந்தியா பேல் ஏல்' என்ற பேர் பிரபலமாகிவிட்டதால் வெள்ளைக்காரன் இந்தியாவில் வெளிர் பீர்தான் குடித்தான் என்று நினைக்கிறோம். அதைக் குடித்தது அதிகாரிகளும் வியாபாரிகளும். சாதாரண சிப்பாய்க்குக் கிடைத்தது போர்ட்டர், அதாவது லண்டன் மூட்டைதூக்கிகள் குடித்துப் பேர் வாங்கிய கறுப்பு பீர். பேல் ஏலைவிட போர்ட்டர்தான் இந்தியாவுக்கு அதிகம் வந்தது என்று மார்ட்டின் கார்னெல் என்ற பீர் வரலாற்றாளர் விரிவாகவே எழுதியிருக்கிறார். அந்தப் போர்ட்டரிலேயே கெட்டியான, சத்து கூடின வகைக்குப் பேர்தான் ஸ்டவுட்.

கறுப்பு எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் பிடித்த பகுதி. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்தால் மால்ட். நம் வீட்டில் ராகியை முளைகட்டி மாவாக்குவதும் இதே வேலைதான். முளைக்கும்போது தானியத்துக்குள் ஒரு நொதி உண்டாகிறது. சுமார் 65 டிகிரி வெந்நீரில் போட்டால் அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் சாராயச் சத்து. பழைய லண்டன் போர்ட்டர்காரர்கள் முழுக்க முழுக்க பழுப்பாக வறுத்த மால்ட்டையே போட்டார்கள். பிறகு திரவ அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் வந்தது. அளந்து பார்த்தால், வறுத்த மால்ட்டில் சர்க்கரை கம்மி, காசு நஷ்டம் என்று தெரிந்தது. எங்கள் தொழிலில் புரொஃபைலர் ஓட்டிப் பார்த்து, இவ்வளவு நாள் நேரத்தைத் தின்றது இந்த ஃபங்ஷனா என்று தலையில் அடித்துக்கொள்வோமே, அது மாதிரி. எல்லாரும் வெளிர் மால்ட்டுக்கு மாறினார்கள். ஆனால் நிறம் போச்சு, வாசம் போச்சு. 1817-இல் டேனியல் வீலர் என்பவர் காபிக்கொட்டை வறுக்கிற மாதிரி உருளையில் போட்டு மால்ட்டைக் கன்னங்கரேல் என்று வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் கொஞ்சம் சேர்த்தால் போதும், மொத்தமும் கறுத்துவிடும். இன்று நாம் ஸ்டவுட் என்று குடிப்பதெல்லாம் வீலர் போட்ட பாதையில் வந்ததுதான். காபி வறுக்கிற அதே ரசாயனம் என்பதால்தான் அதில் காபி வாசம்.

இனி இலங்கை முனை. சாமுவேல் பேக்கர் என்று ஒரு ஆங்கிலேயர். பின்னாளில், 1864-இல், ஆப்பிரிக்காவின் ஆல்பர்ட் ஏரியை ஐரோப்பியருக்குச் சொன்னவர். அதற்கு முன் 1848 வாக்கில் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நட்டு வைக்கப் பார்த்தார். ஆள், மாடு, கலப்பை எல்லாம் கப்பலில் வந்தது. 1849-இல் அவர் அங்கே சின்னதாக ஒரு பீர் ஆலை வைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கம்பெனி தன் வயதை 1881-இலிருந்துதான் எண்ணுகிறது. எப்படியானாலும் சுமார் 1,870 மீட்டர் உயரத்தில், தேயிலைக்கு நடுவே அந்த ஆலை நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது.

உலகம் அதைக் கவனித்தது மைக்கேல் ஜாக்சனால். பாட்டுக்காரர் இல்லை, இவர் இங்கிலாந்துக்காரர், பீரைப் பற்றி எழுதியே வாழ்ந்தவர், 2007-இல் இறந்தார். ஒயினுக்கு இருந்த மரியாதையை பீருக்கு வாங்கிக்கொடுத்தவர் என்று இவரைச் சொல்லலாம். அவர் மலையேறிப்போய் அங்கே பீப்பாயிலிருந்து பம்ப் அடித்து ஊற்றிய ஸ்டவுட்டைக் குடித்துப் புகழ்ந்து எழுதினார். அதற்கப்புறம்தான் அமெரிக்காவின் சின்னச் சின்ன பீர் ஆலைக்காரர்களும் ரசிகர்களும் லயன் ஸ்டவுட்டைத் தேட ஆரம்பித்தார்கள். இப்போது பீர் போட்டி நடுவர்களின் வகைப்பாட்டில் 'ட்ராபிகல் ஸ்டவுட்' என்றே ஒரு தனி வகை. அதற்கு உதாரணமாகச் சொல்லப்படுவதில் ஜமைக்காவின் டிராகனோடு லயனும் உண்டு. ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும்: லயன் பெரிய கம்பெனி, 'க்ராஃப்ட்' ஒன்றும் இல்லை. ஆலையும் 1990-களின் கடைசியில் மலையை விட்டு கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவுக்கு இறங்கிவிட்டது. 2016 வெள்ளத்தில் அங்கே தண்ணீர் புகுந்து மாதக்கணக்கில் உற்பத்தி நின்றது. குளிருக்காக மலையில் வைத்த ஆலையை மெஷின் வந்ததும் சமவெளிக்குக் கொண்டுவந்தார்கள், அங்கே ஆறு வந்து பிடித்துக்கொண்டது.

சரி, கோத்தகிரிக்கு வருவோம். என்னோடு பி.இ. படித்த நண்பனின் அப்பா. வயது எண்பதைத் தொடுகிறது. பிறந்தது நுவரெலியாவுக்குப் பக்கத்து எஸ்டேட் லயத்தில். அவருடைய தாத்தா சேலம் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டிப்போன ஆள். 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்ததும் மலையகத் தமிழர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர் ஆனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார்கள். ஐயா குடும்பம் முதல் கணக்கில் விழுந்தது. 1970-களின் தொடக்கத்தில் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு அரசு தேயிலைத் தோட்டம். இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் டான்டீ தோட்டங்களை ஆரம்பித்தார்கள். "தாயகம் திரும்பியோர்" என்பது கவர்ன்மென்ட் வைத்த பேர். ஐயா அதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். "நான் எங்கேருந்து திரும்பினேன் தம்பி? நான் முதல் தடவையா வந்தேன்."

ஜனவரியில் நண்பனும் நானும் அவரைப் பார்க்கப்போனோம். டின்களைத் துணியில் சுற்றி எடுத்துப்போனேன். கோத்தகிரி ஜனவரிக்கு ஃபிரிட்ஜ் வேண்டாம், ஜன்னல் ஓரம் வைத்தால் போதும். இந்த மாதிரி பீரை ஐஸ் மாதிரி குளிர வைத்தால் நாக்கு மரத்து வாசமெல்லாம் செத்துவிடும். 10 முதல் 13 டிகிரி போதும். வாய் குறுகின கிளாஸ் நல்லது என்பார்கள். எங்களுக்கு வாய்த்தது காபி டம்ளர்.

சாய்த்து ஊற்றினேன். ஃபில்டர் காபி நுரை மாதிரி பழுப்பு நுரை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் மட்டும் மாதுளைச் சிவப்பு. முதலில் மூக்கு: கொஞ்சம் தீய்ந்த வெல்லப்பாகு, கறுப்புக் காபி, உலர்திராட்சை. பிறகு ஒரு சின்ன வாய். ஆரம்பத்தில் இனிப்பு, கருப்பட்டி இனிப்பு, வெள்ளைச் சர்க்கரை இனிப்பு அல்ல. நடுவில் கசப்பான சாக்லேட். விழுங்கின பிறகு நெஞ்சில் ஒரு கதகதப்பு. 8.8 சதவீதம், சாதாரண லாகரைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால் இதை மடமடவென்று குடிக்கக்கூடாது, குடிக்கவும் முடியாது. ஒரு டம்ளரை அரை மணி நேரம் வைத்திருந்தால், சூடு ஏற ஏற வேறு வேறு வாசம் எழும். முதல் பத்து நிமிஷத்தில் தெரியாத திராட்சை வாசம் கடைசியில்தான் நன்றாக வந்தது.

ஐயா ஒரு வாய் குடித்தார். நான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன், வெட்கமாக இருக்கிறது. "இது அது இல்ல தம்பி" என்றார்.

எனக்குச் சப்பென்று ஆனது. பிறகு யோசித்தால் நியாயம்தான். அவர் இளவயதில் குடித்தது பீப்பாயிலிருந்து இறக்கின உயிருள்ள பீர். இது வடிகட்டி டின்னில் அடைத்தது. ஆலை மாறியது, தண்ணீர் மாறியது, நடுவில் ஐம்பது வருஷம் ஓடியது. எண்பது வயது நாக்கும் முப்பது வயது நாக்கும் ஒன்றல்ல. இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த ஹைட்ரோமீட்டரும் கிடையாது. "அப்பல்லாம் முட்டையை உடைச்சு ஊத்தி ஆத்திக் குடிப்பாங்க. பிரட்டுக்கு நிக்கிற உடம்புக்கு பலமாம்" என்று வேறு சொன்னார். வேண்டாம் ஐயா என்றேன்.

டம்ளரைக் கீழே வைக்காமல் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். ரொம்ப நேரம் பேசவில்லை. நண்பன் என்னைப் பார்த்தான்.

"சக்கை" என்றார். மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்த பிறகு மிஞ்சுகிற தானியச் சக்கை. உலகத்தில் எல்லா ஊரிலும் அது மாட்டுத் தீவனம்தான். அவருடைய அப்பா லயத்துக்குப் பின்னால் இரண்டு மாடு வைத்திருந்தார். வாரத்துக்கு ஒருமுறை ஆலையிலிருந்து சாக்கில் சக்கை வாங்கிவருவது பத்து வயசுப் பையனான இவர் வேலை. "சூடா இருக்கும். முதுகுல போட்டா பனிக்கு எதமா இருக்கும். சட்டையெல்லாம் இந்த வாசம்தான், அம்மா திட்டும்." கப்பலேறுவதற்கு முந்தின வாரம் அந்த மாடுகளை என்ன விலைக்குக் கொடுத்தார்கள் என்பதைச் சதத்தோடு சொன்னார். அந்தக் கணக்கை என் நண்பனே அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டானாம்.

அதற்கு மேல் அவர் குடிக்கவில்லை. டம்ளரை மட்டும் கையில் வைத்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரு டின்னைப் பங்கிட்டு முடித்துவிட்டு அன்றிரவு அங்கேயே தங்கினோம், 8.8 சதவீதத்தை உள்ளே வைத்துக்கொண்டு கோத்தகிரி வளைவில் வண்டி ஓட்டுவது முட்டாள்தனம். மிச்ச டின்கள் அங்கேயே இருக்கின்றன. மார்ச்சில் ஐயா போய்ச் சேர்ந்தார்.

நுவரெலியாவில் சக்கை சுமந்தவரின் பேச்சு என் நோட்டில் நாலு பக்கம் இருக்கிறது. நம் மலையில், 1857-இல் தொடங்கிய காஸில் ஆலையில் மால்ட் புரட்டியவர்கள், பீப்பாய் உருட்டியவர்கள், வண்டி ஓட்டியவர்கள் யார், எந்த ஊர்க்காரர்கள் என்பதைத்தான் அடுத்து தேடுகிறேன். குன்னூர், அரவங்காடு, மேட்டுப்பாளையம் பக்கம் யார் வீட்டிலாவது பழைய லேபிள், கூலிச்சீட்டு, தாத்தா சொன்ன கதை என்று எது இருந்தாலும் எழுதுங்கள். பெரியவர்கள் இருந்தால் இப்போதே போய் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.