காய்ச்சலுக்கு மூன்று அலுவலகங்கள்

முல்லைப் பெரியாறு அணை என்றதும் கூடலூரிலிருந்து தேனி வரை எல்லோருக்கும் அதைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்கின் பிடிவாதம்தான் நினைவுக்கு வரும். 1887-இல் தொடங்கி 1895 அக்டோபரில் முடிந்த அந்த வேலை, ஒவ்வொரு கோடையிலும் அடியோடு நின்றுபோனது என்பதை அதிகம் பேசுவதில்லை. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து ஆட்கள் கீழே இறங்கிவிடுவார்கள். சில மாதங்கள் கழித்துத்தான் மறுபடி ஏறுவார்கள். அப்படியும் மலேரியாவும் காலராவும் நூற்றுக்கணக்கானோரை வாரிக்கொண்டு போயின. அணைக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கான இடுகாடு இருக்கிறது. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் கண்டறிந்தது 1897 ஆகஸ்டில். அதற்குள் அணை நீர் கம்பம் வயல்களுக்குப் பாய்ந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. காரணம் தெரியாத நிலையிலும், எந்தக் காட்டில் எந்த மாதத்தில் காய்ச்சல் வரும் என்பது முகாமுக்குத் தெரிந்திருந்தது.

காய்ச்சலை இடத்தோடும் காலத்தோடும் சேர்த்துப் பார்க்கிற பழக்கம் அணைக்கும் முந்தியது. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளைக் காய்ச்சல் சூறையாடியபோது, கும்பினி அரசு மருத்துவர் குழு ஒன்றை விசாரிக்க அனுப்பியது. வைட்லா எய்ன்ஸ்லி அதில் இருந்தார். மழை, தேங்கிய நீர், மலையடிவாரக் காடு என்று நிலத்தையே அவர்கள் நோயாளியைப்போல் சோதித்தார்கள். கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பிய காலத்து அறிக்கைக்கு இன்று என்ன மதிப்பு என்று கேட்கலாம். அவர்கள் கண்ட விடை தவறுதான். ஆனால் நிலத்தை விட்டுவிட்டு உடம்பை மட்டும் பார்த்தால் போதாது என்ற அவர்கள் கேள்வி சரியானது. பிறகு அந்தக் கேள்வியே துண்டாடப்பட்டது. மனிதக் காய்ச்சல் சுகாதாரத் துறைக்குப் போனது, மாடு கால்நடைத் துறைக்கு, காடு வனத்துறைக்கு. ஒவ்வொன்றும் தன் வேலையில் தேர்ந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்றின் பதிவேட்டை மற்றது புரட்டிப் பார்க்கும் வழக்கம் மட்டும் உருவாகவில்லை.

இந்த மூன்று துறைகளுக்கும் நடுவே வாழ்ந்தவை மலைமாடுகள். மேகமலை, வருசநாட்டுக் காடுகளில் மேய்ந்து, வயல்களில் கிடை போட்டு, சாணத்தை ஏலத் தோட்டங்களுக்குக் கொடுத்து வந்த மந்தைகள். வெக்கை நோய் இவற்றைப் போன்ற மாடுகளையும் காட்டெருமைகளையும் பாகுபாடில்லாமல் தாக்கியது. 1970-களில் தேக்கடிக் காட்டில் காட்டெருமைகள் கூட்டமாக மடிந்தது அந்த நோயால்தான். இந்தியாவில் அதன் கடைசித் தாக்குதல் 1995-இல் தமிழ்நாட்டில், வட ஆற்காட்டுப் பகுதியில் நிகழ்ந்தது. 2011-இல் உலகமே அதிலிருந்து விடுபட்டது. ஊர் ஊராகப் போய் ஊசி போட்டதோடு, எந்த மந்தையில் எந்த மாடு இரை எடுக்கவில்லை என்று மாட்டுக்காரரிடம் கேட்டறிந்ததும் அந்த வெற்றிக்குக் காரணம்.

மாடுகளே காட்டுக்கு நோய் கொண்டுபோகின்றன, அவற்றை வெளியேற்றினால் போதும் என்பது வலுவான வாதம். தேனி மலைமாடுகள் பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் காட்டு மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு அதைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் என்று சுருக்கியது. முந்தைய ஆண்டுதான் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டிருந்தது. புலிக்கும் அதன் இரைக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மாட்டுக்காரர் போய்விட்டால், காட்டில் விலங்கு செத்துக் கிடப்பதை முதலில் பார்க்கிற கண்ணும் போய்விடும். அந்தக் கண்ணுக்கு ஈடாக யாரை வைத்திருக்கிறோம்?

ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆள் போதவில்லை, இதில் மனிதரையும் மாட்டையும் காட்டையும் சேர்த்துக் கவனிக்கப் புதிதாக ஒரு ஏற்பாடா என்பது நியாயமான ஆதங்கம். ஆனால் தேனியில் புதிதாகக் கட்ட வேண்டியது எதுவுமில்லை. க.விலக்கில் மருத்துவக் கல்லூரி, தப்புக்குண்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி, பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி எல்லாம் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்றால் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுச் சாவடிகளில் வண்டிச் சக்கரங்களுக்கு மருந்து அடிக்கிறார்கள். அதே சாவடியில் ஓட்டுநருக்குக் காய்ச்சல் உண்டா என்று கேட்கும் செவிலியரும், காட்டில் செத்த விலங்கைப் பதியும் வனக்காவலரும் ஒரே நோட்டில் எழுதட்டும். மூன்று கல்லூரிகளின் மாணவர்களும் ஆண்டுக்கு ஒரு கோடையாவது வருசநாட்டுக் கிடைகளில் சேர்ந்து வேலை பழகட்டும்.