மடற்குழுக்களில் இரட்டிப்பும் இழப்பும்: ஒரு தொழில்நுட்ப வரலாறு (1977–2014)

முன்னுரை

மின்னஞ்சல் வழி இயங்கும் மடற்குழு ஒன்றில் உறுப்பினராக இருப்போர் ஒரே மடல் இருமுறை வந்து சேர்வதை அறிவர். ஒரு படி எழுதியவரிடமிருந்து நேரே வரும். மற்றொரு படி குழுவின் வழங்கியைச் சுற்றிக்கொண்டு வரும். இன்னும் சில வேளைகளில் குழுவின் வழங்கியே ஒரே மடலை மீண்டும் மீண்டும் அனுப்பும். இதனைச் சிறு தொல்லை என்று கருதி ஒதுக்குவது எளிது. ஆயினும் இத்தொல்லையை நீக்க முயன்றவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வியையே எதிர்கொண்டனர்: மடல் இருமுறை வருவதைப் பொறுத்துக்கொள்வதா, அல்லது ஒருமுறையேனும் வராமற்போகும் வாய்ப்பை ஏற்பதா? இரட்டிப்பை ஒழிக்கும் கருவி ஒவ்வொன்றும் இழப்புக்கு ஒரு வாயிலைத் திறந்தது என்பதையும், அவ்வாயில்கள் எவ்வாறு ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இணையத் தரங்களாகவும் குறிப்புகளாகவும் வெளியிடப்படும் ஆர்.எஃப்.சி. ஆவணங்களும், மடற்குழு மென்பொருள்களின் இயக்க முறைகளும் இதற்கு அடிப்படையாக அமைகின்றன.

ஒப்புகைக்கு முந்தைய இடைவெளி

இன்றும் வழக்கிலுள்ள எஸ்.எம்.டி.பி. என்னும் அஞ்சல் பரிமாற்ற நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 821 ஆக வெளியிட்டார். இதன்படி அனுப்பும் கணினி முதலில் அனுப்புநரையும் பெறுநர்களையும் அறிவிக்கிறது. பின்னர் மடலின் உரையை அனுப்புகிறது. இறுதியில் ஒற்றைப் புள்ளி மட்டும் கொண்ட ஒரு வரியை அனுப்பி, உரை முடிந்தது என்று தெரிவிக்கிறது. பெறும் கணினி ‘250’ என்னும் குறியெண்ணை மறுமொழியாகத் தந்தால் மடல் ஏற்கப்பட்டது என்பது பொருள். அதன்பின் அனுப்பிய கணினி தன்னிடமுள்ள படியை அழித்துவிடலாம்.

புள்ளிக்கும் ‘250’க்கும் இடையே ஒரு கால இடைவெளி உள்ளது. சிக்கல் முழுவதும் அதற்குள்தான் அடங்கியிருக்கிறது. அந்நேரத்தில் இணைப்பு அறுந்தால், மடல் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதை அனுப்பிய கணினியால் அறிய இயலாது. பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் உரியவர் கைக்குச் சேர்ந்து, ஒப்புகை அட்டை மட்டும் திரும்பும் வழியில் தொலைந்துபோன நிலையோடு இதனை ஒப்பிடலாம். கடிதமே தொலைந்திருந்தாலும் அனுப்பியவருக்குத் தெரிவது இதுவே: அட்டை வரவில்லை. ஐயம் ஏற்படின் மீண்டும் அனுப்புக என்பதே எஸ்.எம்.டி.பி. முறை மேற்கொண்ட வழி. அதாவது, இரட்டிப்புக்கும் இழப்புக்கும் இடையே அந்நெறிமுறை இரட்டிப்பைத் தேர்ந்துகொண்டது.

தனி ஒருவருக்குச் செல்லும் மடலில் இந்த இடைவெளி மிகக் குறுகியது. மடற்குழு என்று வரும்போது நிலைமை மாறுகிறது. பெறும் மென்பொருள், புள்ளியைக் கண்டவுடன் மறுமொழி தராமல், குழுவின் முகவரிப் பட்டியலை விரித்து, ஒவ்வொருவருக்கும் மடலை அனுப்பும் பணியைத் தொடங்கி, அது முடிந்த பின்னரே ‘250’ என்று கூறுமாயின், பட்டியல் நீள நீள இடைவெளியும் நீளும். காத்திருந்து சலித்த அனுப்பும் கணினி, முயற்சி தோற்றதென்று கருதி இணைப்பைத் துண்டிக்கும். சிறிது நேரங்கழித்து அதே மடலை மறுபடியும் அனுப்பும். பட்டியல் மறுபடியும் விரியும். காலம் மறுபடியும் கடந்துபோகும். நூறு உறுப்பினர் கொண்ட குழுவில் ஒவ்வொரு மறுமுயற்சியும் நூறு மிகைப்படிகளை உண்டாக்கும். இரு கணினிகளும் தத்தம் விதியைப் பிசகாமல் பின்பற்றியதன் விளைவு இது என்பது கருதத்தக்கது.

கிரெய்க் பார்ட்ரிட்ஜ் 1988 பிப்ரவரியில் எழுதிய ஆர்.எஃப்.சி. 1047 இச்சிக்கலுக்காகவே வெளியான மிகச் சிறிய ஆவணம். அதன் தீர்வும் எளியது: பெறும் கணினி இறுதிப் புள்ளிக்கு இயன்ற அளவு விரைவாக மறுமொழி தரவேண்டும், பிற பணிகளைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம். 1989 அக்டோபரில் ராபர்ட் பிரேடன் தொகுத்த ஆர்.எஃப்.சி. 1123 இதனைக் கட்டாய விதியாக்கியது. அனுப்பும் கணினி அவ்விடத்தில் குறைந்தது 10 நிமிடம் காத்திருக்கவேண்டும் என்றும் வரையறுத்தது. அதனுடன் இன்னொரு விதியும் சேர்ந்தது. ‘250’ என்று கூறிய கணினி அம்மடலுக்கு முழுப் பொறுப்பேற்கிறது. பின்னர்த் தான் செயலிழந்து மீண்டதைக் காரணம் காட்டி மடலைத் தொலைத்துவிடக்கூடாது. முதல் விதியை மட்டும் பின்பற்றி, மடலை வட்டில் எழுதுமுன்பே அவசரமாக ஒப்புகை தந்தால், இரட்டிப்பு குறையும், இழப்பு பெருகும். இரண்டாம் விதி அதைத் தடுக்கிறது.

இவ்விதிகள் இடைவெளியைச் சுருக்கினவேயன்றி மூடவில்லை. மூடவும் இயலாது. 1975இல் அக்கோயுன்லு, ஏகநாதம், ஹூபர் ஆகியோர் எழுதிய கட்டுரையிலேயே இதற்கான கோட்பாட்டு விளக்கம் உண்டு. ஜிம் கிரே 1978இல் இதனை இரு தளபதிகளின் கதையாகக் கூறினார்: தூதன் வழியில் சிறைப்படக்கூடும் எனில், எத்தனை முறை ஒப்புகைக்கு ஒப்புகை அனுப்பினாலும் இரு தளபதிகளும் ஒருமித்த உறுதியை அடைய முடியாது.

மடலுக்குப் பெயரிடல்

வழியில் இரட்டிப்பைத் தடுக்க இயலாதெனில், வந்து சேர்ந்த இடத்தில் அதனை அடையாளங்காண வேண்டும். அதற்கு மடலுக்குப் பெயர் தேவை. 1977 நவம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 733 ஆவணத்திலும், டேவிட் குரோக்கர் 1982இல் அதனைத் திருத்தி வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 822 ஆவணத்திலும் ‘மெசேஜ்-ஐடி’ என்னும் மடலடையாளம் இடம்பெற்றது. இது உலகில் வேறெந்த மடலுக்கும் இல்லாத ஒரு தொடர். அதன் தனித்தன்மைக்கு அதனை உண்டாக்கும் கணினியே பொறுப்பு. உரையைத் திருத்தி மீண்டும் அனுப்பினால் புதிய அடையாளம் இடவேண்டும் என்பதும் விதி. எனினும் மின்னஞ்சலில் இது கட்டாயமன்று. இருந்தால் நன்று என்ற நிலையே நீடித்தது.

கட்டாயமாக்கியது யூஸ்நெட். 1979இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் வகுத்த அவ்வமைப்பில், செய்தி ஓரிடத்திலிருந்து அண்டையிடங்களுக்கும் அங்கிருந்து அவற்றின் அண்டையிடங்களுக்கும் வெள்ளம்போலப் பரவியது. ஒரே செய்தி பல வழிகளில் வந்து சேர்வது அங்கே விபத்து அன்று. அமைப்பின் இயல்பே அதுதான். ஆகவே ஒவ்வொரு நிலையமும் தான் பெற்ற செய்திகளின் அடையாளங்களைப் பதிவேட்டில் குறித்துவைத்து, மீண்டும் வந்ததைத் தள்ளியது. 1983 ஜூனில் மார்க் ஹார்ட்டன் எழுதிய ஆர்.எஃப்.சி. 850 அடையாளத்தை இன்றியமையாததாக்கியது. 1986இல் வந்த ஆர்.எஃப்.சி. 977 மேலும் ஒருபடி முன்னேறி, உரையை அனுப்புமுன் ‘இன்ன அடையாளமுள்ள செய்தி என்னிடம் உள்ளது, வேண்டுமா?’ என்று வினவும் கட்டளையை வகுத்தது.

இதற்கு மாறான வழியும் இருந்தது. பிட்நெட் வலையமைப்பில் இயங்குவதற்காக எரிக் தாமஸ் 1986இல் பாரிஸில் உருவாக்கிய லிஸ்ட்செர்வ் மென்பொருள், மடலின் உள்ளடக்கத்தையே முன்னர் வந்தவற்றோடு ஒப்பிட்டு, ஒன்றாக இருப்பின் திருப்பியனுப்பும் முறையைக் கைக்கொண்டது. பெயரிழந்தோ பெயர் மாறியோ சுழன்றுவரும் மடலையும் இது பிடித்துவிடும். ஆனால் ஓர் அறிவிப்பை வேண்டுமென்றே இரண்டாம் முறை இடுபவரும் இதில் அகப்படுவார். ஒரே நூலின் இரு ஏடுகளை இரண்டு தனிச் சான்றுகளாக வைத்துப் பாடவேறுபாடு காணும் பதிப்பாசிரியருக்கு இவ்விரு முறைகளுமே விந்தையாகத் தோன்றக்கூடும்: ஒன்று பெயரை மட்டும் பார்க்கிறது, மற்றொன்று உரையை மட்டும் பார்க்கிறது.

மனிதர் விளைவிக்கும் இரட்டிப்பு

மடற்குழுக்கள் பெருகியபோது இரட்டிப்பின் பெருங்காரணம் கணினிகளின் ஐயமாக இல்லை. உறுப்பினர் ஒருவர் ‘அனைவருக்கும் மறுமொழி’ அனுப்பும்போது, மூல மடலை எழுதியவரின் முகவரியும் குழுவின் முகவரியும் சேர்ந்தே பெறுநர் வரிகளில் இடம்பெறுகின்றன. எழுதியவரும் குழுவில் இருப்பவரே. ஆதலால் இரண்டு படிகள்.

மறுமொழி முகவரியைக் குழுவின் முகவரியாக வழங்கியே மாற்றிவிட்டால் இரட்டிப்பு ஒழியும் என்று ஒரு சாரார் கருதினர். சிப் ரோசென்தால் இதனைக் கடுமையாக மறுத்து எழுதினார். அவருடைய வாதங்களுள் ஒன்று மிக வலுவானது: தனியே ஒருவருக்கு எழுத எண்ணியது பலர் முன் வெளிப்பட்டுவிடக்கூடும். அத்தகைய தவற்றைத் திரும்பப் பெற வழியில்லை. மிகைப்படியையோ நொடியில் அழித்துவிடலாம். இவ்வாதத்தை எதிர்த்தும் கட்டுரைகள் வந்தன. கியூமெயில் மென்பொருளின் ஆசிரியர் டேனியல் பெர்ன்ஸ்டைன், தொடர் மறுமொழிகள் எங்கே செல்லவேண்டும் என்பதை எழுதுபவரே குறிப்பிடும் ‘மெயில்-ஃபாலோஅப்-டூ’ என்னும் தலைப்பு வரியை முன்மொழிந்தார். மட் போன்ற சில அஞ்சல் செயலிகள் அதனை ஏற்றன; தரமாக அது நிலைபெறவில்லை.

வாயிலில் நிற்கும் வடிகட்டி

எனவே பொறுப்பு பெறுநரிடம் வந்தது. ஸ்டீபன் வான் டென் பெர்க் உருவாக்கிய புரோக்மெயில் என்னும் வடிகட்டி மென்பொருளின் கையேட்டில் இதற்கென ஒரு சிறு செய்முறை உண்டு. அண்மையில் வந்த மடல்களின் அடையாளங்களை 8192 பைட் அளவுள்ள ஒரு கோப்பில் சேர்த்துவைத்து, அதில் ஏற்கெனவே உள்ள அடையாளத்தோடு வரும் மடலை அது தள்ளிவிடும். இருவரிச் செய்முறையாதலால் பலரும் இதனைத் தத்தம் கோப்புகளில் எழுதிக்கொண்டனர்.

அதே கையேடு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. இவ்வரலாற்றில் அதுவே முதன்மையான இடம் பெறத்தக்கது. மடலின் அடையாளம் கோப்பில் பதிவான பின், அடுத்த படிகளில் ஏதோ ஒரு கோளாறால் மடலை அஞ்சற்பெட்டியில் சேர்க்க இயலாமற்போகலாம். அப்போது மடல் வரிசைக்குத் திரும்பி, மறுமுறை முயலப்படும். மறுமுறை வரும்போது அதன் அடையாளம் கோப்பில் இருக்கும். வடிகட்டி அதனை மிகைப்படி என்று எறிந்துவிடும். முதற்படி சேரவேயில்லை, இரண்டாம் படி ‘இரண்டாவது’ என்பதனாலேயே அழிகிறது. இழப்பைத் தவிர்க்க 1982இல் வகுத்த ‘ஐயமெனில் மீண்டும் அனுப்பு’ என்னும் விதியை இவ்வடிகட்டி பயனற்றதாக்கிவிடுகிறது. இதனால்தான் மிகைப்படிகளை அழிக்காமல் தனிக் கோப்புறையில் ஒதுக்கிவைக்கும் மாற்று வழியையும் கையேடு காட்டியது.

எந்தப் படியை விடுவது?

மடற்குழு மென்பொருளான மெயில்மேன் 2.1 பதிப்பு, 2002 இறுதியில் வெளிவந்தபோது, உறுப்பினரின் முகவரி பெறுநர் வரியிலோ நகல் வரியிலோ இருந்தால் அவருக்குக் குழுப்படியை அனுப்பாமல் விடும் விருப்பத்தேர்வைக் கொண்டிருந்தது. இங்கு வழங்கி நம்புவது தலைப்பு வரியில் எழுதப்பட்ட பெயரை மட்டுமே. நேரடிப் படி உண்மையில் சேர்ந்ததா என்பதை அறிய அதற்கு வழியில்லை. நேரடிப் படி வழியில் தடுக்கப்பட்டிருந்தால் உறுப்பினருக்கு ஒன்றுமே கிடைக்காது.

இரு படிகளும் அடையாளத்தால் ஒன்றெனினும் வடிவால் ஒன்றல்ல என்பதும் மறக்கப்படுகிறது. குழுப்படியில் குழுவின் பெயர் பொருள் வரியில் சேர்ந்திருக்கலாம், அடிக்குறிப்பு இணைந்திருக்கலாம், 2001இல் ஆர்.எஃப்.சி. 2919 வகுத்த ‘லிஸ்ட்-ஐடி’ வரி இருக்கும். இவ்வரியைக் கொண்டே பலர் குழு மடல்களைத் தனிக் கோப்புறையில் பிரிக்கின்றனர். நேரடிப் படி பெரும்பாலும் முந்தி வருவதால், ‘முதலில் வந்தது நிற்கும்’ என்னும் விதி அவ்வரி இல்லாத படியையே காக்கிறது. உரையாடலின் ஒரு பகுதி கோப்புறையிலும் ஒரு பகுதி வெளியிலுமாகச் சிதறுகிறது.

2004இல் தொடங்கிய ஜிமெயில் இதனைப் பயனரின் தேர்வாக விடாமல் தன் இயல்பாகவே ஆக்கிக்கொண்டது. ஒருவர் குழுவுக்கு எழுதிய மடல் குழுவழியே அவருக்குத் திரும்பும்போது, அனுப்பிய படியின் அடையாளமே அதற்கும் இருப்பதால், உள்பெட்டியில் அது புதிதாகத் தோன்றுவதில்லை. பலருக்கும் தம் மடல் திரும்பி வருவதே அது குழுவில் வெளியாயிற்று என்பதற்கான சான்றாக இருந்தது. நீக்கப்பட்ட இந்த ‘மிகைப்படி’ உண்மையில் ஓர் ஒப்புகை. தம் மடல் கிடைத்ததைத் தனி மடலால் உறுதிப்படுத்துமாறு கோரும் தேர்வு மெயில்மேனில் உண்டு. ஒன்றைத் தவிர்த்ததற்கு ஈடாக வேறொரு மடலை வரவழைக்கும் ஏற்பாடு அது.

2014ஆம் ஆண்டின் விதி

ஸ்டீபன் போஷ் எழுதி 2014 செப்டம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 7352, சீவ் என்னும் வடிகட்டி மொழிக்கு மிகைப்படியை உணரும் சோதனையைச் சேர்த்தது. மடலடையாளத்தையோ வேறொரு தலைப்பு வரியையோ அடிப்படையாகக் கொள்ளலாம். எவ்வளவு காலம் நினைவில் வைப்பது என்பதையும், மிகைப்படியை அழிப்பதா வேறிடத்தில் சேர்ப்பதா என்பதையும் பயனரே வகுக்கலாம்.

புரோக்மெயில் எச்சரித்த குறைக்கும் இதில் விடை உண்டு. வடிகட்டியின் கட்டளைகள் அனைத்தும் வெற்றியுடன் முடிந்த பின்னரே அடையாளம் பதிவேட்டில் ஏறவேண்டும். இடையில் தோல்வியுற்றால் பதிவேட்டில் மாற்றம் கூடாது. 1989இல் பெறும் கணினிக்கு விதிக்கப்பட்ட வரிசைமுறை, அதாவது முதலில் பத்திரப்படுத்தல், பின்னர் ஒப்புகை, இங்குப் பெறுநரின் பதிவேட்டுக்கும் வந்து சேர்கிறது. மடல் பெட்டியில் சேர்ந்து, அடையாளம் பதிவாகுமுன் கணினி நின்றுபோகும் ஒரு கணம் இன்னும் எஞ்சியிருக்கிறது. அந்நேர்வில் மடல் பயனருக்கு இருமுறை வரும்.