சொந்த அகப்பக்கத்திற்கு எந்தத் தோற்றம் பொருந்தும்?

வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்பவர், நாதஸ்வரக் குழு நடத்துபவர், வேலை தேடும் பட்டதாரி, மூடப்பட்ட தோட்டத்தின் பழைய படங்களைச் சேர்த்து வைத்திருப்பவர் என நம்மவர் பலரும் சொந்தமாக ஓர் அகப்பக்கம் வைத்துக்கொள்ள விரும்புகின்றனர். முகநூலில் எல்லார் பக்கமும் ஒரே சாயல்தான். அகப்பக்கத்தில் நிறம், எழுத்து, படம் மூன்றையும் நாமே முடிவு செய்யலாம். பலர் தடுமாறுவதும் அங்கேதான்.

வேர்ட்பிரஸ், விக்ஸ் போன்றவற்றில் ஆயத்த வடிவங்கள் ஏராளம். பெரும்பாலானவை ஆங்கில எழுத்துக்கும் தொழில்முறைப் படங்களுக்கும் ஏற்பச் செய்யப்பட்டவை. நம் தமிழையும் கைப்பேசியில் எடுத்த படத்தையும் அதில் போட்டதும், இரவல் சட்டை போட்டது போலத் தெரியும். ஆகவே வடிவத்தைத் தேடுவதற்கு முன், உங்களிடம் ஏற்கெனவே இருப்பதை மேசைமேல் பரப்பிப் பாருங்கள்: பொட்டல ஒட்டுத்தாள், பில் புத்தகம், கடைப் பலகையின் படம், கையில் பிடித்து உழைக்கும் கருவி. நாதஸ்வரக் கலைஞருக்குக் குழலின் கருமரமும் சீவாளியின் வைக்கோல் நிறமும் போதும். தோட்ட நினைவுகளை எழுதுபவருக்கு விடியற்காலைப் பால்மரக் காட்டின் இருண்ட பச்சையும் மங்கில் நிற்கும் பாலின் வெள்ளையும் இருக்கின்றன. குத்துவிளக்கும் மயிலும் தாமரையும் கல்யாணப் பத்திரிகைக்கு அழகு. லாரி பழுதுபார்க்கும் பட்டறைக்கு எதற்கு?

இரண்டு நிறங்கள் எடுத்தால் போதும். ஒன்று எழுத்துக்கும் தலைப்புக்கும், மற்றொன்று பொத்தானுக்கும் கோட்டுக்கும். பின்னணி வெள்ளையாகவோ மங்கிய வெண்மையாகவோ இருக்கட்டும். நமக்குப் பிடித்த மங்கல நிறங்களில்தான் கவனம் வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு இருக்க வேண்டும் என்பது அனைத்துலக அணுகல் வழிகாட்டி சொல்லும் அளவு. வெள்ளைமேல் கறுப்பு 21. வெள்ளைமேல் பளீர் மஞ்சள் ஒன்றைச் சற்றே தாண்டும்; படிக்கவே முடியாது. பளீர் சிவப்பும் 4 அளவில் நின்றுவிடும். அதே சிவப்பை அரக்கு நிறமாக இருட்டாக்கினால் ஏறத்தாழ 11 ஆகிவிடும். மஞ்சளை விட மனமில்லையா? மஞ்சளைப் பின்னணியாக்கி, அரக்கு நிறத்தில் எழுதுங்கள். இணையத்தில் இந்த வேறுபாட்டை அளந்து சொல்லும் இலவசக் கருவிகள் உண்டு.

எழுத்துரு அதைவிட முக்கியம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டினால், மற்றவர் திரையில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யூனிகோட் மட்டுமே உதவும். கூகள் எழுத்துருத் தொகுப்பில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் ஆகியவை இலவசம். அச்சுப் புத்தகத்தின் சாயல் வேண்டுவோர் நோட்டோ செரிஃப் தமிழ் எடுக்கலாம். பாலூ தம்பி உருண்டு திரண்டது. பலகாரக் கடைத் தலைப்புக்குப் பொருந்தும், பத்தி முழுக்கப் போட்டால் கண் சோர்ந்துவிடும். ஆப்பிள் கணினிகளில் உள்ள இணைமதி, நம் நாட்டு முத்து நெடுமாறன் வடிவமைத்தது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

எதைத் தேர்ந்தாலும் முதலில் ‘ஷா ஆலம், ஸ்ரீ மூடா’ என்று அடித்துப் பாருங்கள். சில அலங்கார எழுத்துருக்களில் கிரந்த எழுத்து இருக்காது. அந்த எழுத்து மட்டும் வேறு உருவில் வந்து நிற்கும். தமிழில் சில குறிகள் மேலும் கீழும் நீள்வதால், வரி இடைவெளியை எழுத்தளவைப்போல் 1.6 மடங்குக்கு மேல் வையுங்கள். நம் சொற்கள் நீளமானவை. கைப்பேசியின் குறுகிய திரையில் இரு ஓரமும் சமப்படுத்தினால் நடுவில் ஓட்டைகள் விழும். இடப்பக்கம் மட்டும் சீராக இருக்கட்டும். ஆங்கிலத்தைப் போல் எழுத்தைச் சாய்க்கவும் வேண்டாம்.

படங்களுக்கு வருவோம். தேடுபொறியில் கிடைத்த படத்தை எடுத்துப் போடுவது பதிப்புரிமைச் சிக்கல். அதோடு, வேறொருவர் சுட்ட முறுக்கைக் காட்டி நம் முறுக்கை விற்பதும் ஆகும். சன்னலோரம் பகல் வெளிச்சத்தில் நீங்களே எடுத்தது போதும்.

தோட்டப் படங்கள் வைத்திருப்போருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். செம்பனையோ வீடமைப்போ வந்து லயங்கள் இடிக்கப்பட்ட இடங்களில், அந்தக் கறுப்பு வெள்ளைப் படம்தான் மிஞ்சிய சாட்சி. அதற்குச் செயற்கையாக நிறம் ஏற்றுவது, பூ வேலைப்பாட்டுச் சட்டம் போடுவது, முகத்தின் குறுக்கே பெயரை எழுதுவது எல்லாம் படத்தைக் கெடுக்கும். வெறும் சாம்பல் அல்லது வெண்மைப் பின்னணி, பெரிய படம், கீழே சிறிய எழுத்தில் தோட்டம், பிரிவு, ஆண்டு, நிற்பவர்கள் யார் என்ற விவரம். படத்தில் இருப்பவர்களின் குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதிவிடுவது நல்லது. நிறத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்ததும், வெயிலில் நின்று மலிவான ஒரு கைப்பேசியில் பக்கத்தைத் திறந்து அம்மாவிடமோ தாத்தாவிடமோ கொடுங்கள். எதுவும் சொல்லித்தராமல், தொலைபேசி எண் எங்கே என்று கேளுங்கள். அவர்கள் கண்ணாடியைத் தேடினால் எழுத்தைப் பெரிதாக்குங்கள்.