எல்லை உடைக்கும் மைத்திரி

அன்பு, அருள் என்னும் இரு சொற்களையும் பேச்சு வழக்கில் நாம் ஒரே பொருளிற் கையாளுகின்றோம். வள்ளுவரோ அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தார். தொடர்புடையார்மேற் செல்வது அன்பு. தொடர்பு நோக்காது எல்லா உயிர்கள்மேலும் செல்வது அருள் என்று பரிமேலழகர் வேறுபடுத்துவார். அப்படியாயின், நேயர்களே, அன்பு எவ்வாறு அருளாக விரிகின்றது? அது தானாக நிகழ்வதா, பழகிப் பெறுவதா?

பழகிப் பெறுவதே என்று விடை கூறி, அப்பயிற்சியைப் படிப்படியாக எழுதிவைத்த நூலொன்று நமது தீவிலேயே தோன்றியது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையிலிருந்து புத்தகோசர் பாளி மொழியில் இயற்றிய விசுத்திமக்கமே அது. 23 அத்தியாயங்களைக் கொண்ட அந்நூலின் 9ஆம் அத்தியாயம் மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கையும் விளக்குகின்றது. பாளியில் 'மெத்தா' எனப்படுவதே வடமொழியில் மைத்திரி.

இதனை நமக்கு அந்நியமான நூலென ஒதுக்குவதற்கில்லை. காஞ்சிபுரத்தில் சோதிபாலர் என்னும் துறவியுடன் தாம் வாழ்ந்ததைப் புத்தகோசரே தமது உரைநூலொன்றின் முடிவிற் குறிப்பிடுகின்றார். அவர் காலத்தவரெனப்படும் புத்ததத்தர் உறையூரைச் சேர்ந்தவர். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து நூல் செய்தவர். விசுத்திமக்கத்துக்குப் பாளியில் உரை கண்ட தம்மபாலரையும் மரபு தமிழகத்தோடு இணைத்தே பேசுகின்றது. நாம் போற்றும் மணிமேகலையும் தமிழ்ப் பௌத்தத்தின் விளைச்சலன்றோ?

பயிற்சியின் ஒழுங்கை நோக்குவோம். 'நான் சுகமாயிருப்பேனாக' என்று முதலில் தன்னிடமிருந்தே தொடங்கவேண்டும். இது தன்னலமன்று. நான் சுகத்தை விரும்புவது போலவே பிறரும் விரும்புவர் என்பதற்குத் தன்னையே சான்றாக்குவது. அடுத்து மதிப்புக்குரிய ஆசிரியர். பின்னர் உற்ற நண்பர். பின்னர் விருப்பும் வெறுப்புமற்ற ஒருவர். பகைவர் ஈற்றிலேதான் வருவார். தொடக்கத்திலேயே பகைவரை நினைத்தால் மனம் சினத்தில் விழும் என்பதைப் புத்தகோசர் நன்கறிந்திருந்தார்.

சினம் தணியாவிட்டால் மாற்று வழிகள் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தருகின்றார். பிறரை அடிக்கக் கொள்ளியைக் கையில் எடுப்பவன் முதலில் தன்னையே சுட்டுக்கொள்கிறான் என்று சிந்திப்பது ஒன்று. எதுவும் பயன் தராதவிடத்துப் பகைவருக்கு ஏதேனும் கொடுக்கச் சொல்கின்றார். உறுகுணையிலிருந்த சித்தலபர்வத விகாரையில், மூத்த தேரர் ஒருவரால் மூன்று முறை உறைவிடத்திலிருந்து எழுப்பப்பட்ட துறவி, தன் தாய் தந்த எட்டுக் காசு பெறுமதியான பாத்திரத்தை அவருக்கே வழங்கிய கதை இங்கு வருகின்றது.

என் நெஞ்சைத் தொட்ட இடம் இதற்கும் அப்பாலுள்ளது. தியானம் செய்பவர், அவருக்கு வேண்டியவர், நொதுமலர், பகைவர் ஆகிய நால்வரும் ஓரிடத்தில் இருக்கின்றனர். கள்வர் வந்து, கொல்வதற்கு ஒருவரைத் தருமாறு கேட்கின்றனர். 'இவரைக் கொண்டுபோங்கள்' என எண்ணினால் எல்லை உடையவில்லை. 'என்னைக் கொண்டுபோங்கள், இவர்களை விடுங்கள்' என எண்ணினாலும் எல்லை உடையவில்லை! நால்வரில் ஒருவரையேனும் கொடுக்கத் தக்கவராகக் காணாதபோதே மைத்திரி முழுமை பெறுகின்றது. தியாகத்தை உச்சத்தில் வைத்துப் பழகிய நமக்கு இது வியப்பைத் தரலாம். எந்த உயிரையும் மலிவாக எண்ணாதே, உன் உயிரையும் அப்படியே என்கிறது நூல்.

உயர்தர வகுப்பிற் பரிமேலழகர் உரையைக் கற்பிக்கையில் இதனை நான் சொல்வதுண்டு. 2009இல் போர் முடிந்து சில காலத்தின் பின் ஒரு மாணவன் எழுந்து, "சேர், பகைவனுக்கும் மைத்திரி எண்டால் எங்களுக்கு நடந்ததை மறக்கவேணுமோ?" என்று கேட்டான். வகுப்பு அமைதியாயிற்று. "மறக்கும்படி அந்நூல் எங்கும் சொல்லவில்லை, தம்பி. தீமையை நன்மையென்று கொள்ளவும் சொல்லவில்லை. கொள்ளியைக் கீழே வைக்கத்தான் சொல்கிறது" என்றேன்.

கள்வரின் கேள்வி கற்பனையன்று. 1983 யூலையில் கும்பல்கள் தமிழரைத் தேடி வீடு வீடாக வந்தபோது, அயலவரை உள்ளே ஒளித்துவைத்து, 'இங்கு ஒருவருமில்லை' என்ற சிங்களக் குடும்பங்கள் இருந்தன. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அதே கேள்வி தமிழராகிய நம்முன்னும் நின்றது. எத்தனை பேர் வாய் திறந்தோம் என்பதை வரலாறு கேட்டுக்கொண்டேயிருக்கும்.

இரண்டாம் உலகப் போரிற் பிரித்தானியப் படையில் பணியாற்றிய ஒருவர், பின்னர் தொடந்துவைக்கு அண்மையிலுள்ள தீவுத் துறவகத்தில் ஞானமோலி என்னும் துறவியானார். விசுத்திமக்கத்தை ஆங்கிலத்தில் முழுமையாகப் பெயர்த்தார். 1956இல் அது கொழும்பில் வெளிவந்தது. போரைக் கண்டவர் தேடி எடுத்த நூல் இது. போரைக் கண்ட நாமும் அதனைத் திறந்து பார்ப்பது தகும். தன்னிடத்திலே தொடங்கும் அன்பு, 'கொடுப்பதற்கு இங்கு ஒருவருமில்லை' என்று சொல்லும் துணிவாக முதிரும்போதுதான், அதனை அருள் என்று அழைக்கலாம்.