ஒற்றைப் படி காத்த துறை

மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில், 1956இல், இந்திய ஆய்வியல் துறை தொடங்கியது. அங்கே தமிழே முதன்மை பெற வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி எழுப்பிய குரலில் பிறந்ததுதான் ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி. தோட்டத் தொழிலாளரும் நகரத்துக் குமாஸ்தாக்களும் தங்கள் உழைப்பின் வெள்ளியை அதற்குத் தந்தார்கள். பின்னர் துறை கோலாலம்பூருக்கு, பிரிக்பீல்ட்ஸுக்கு அருகிலுள்ள பந்தாய்ப் பள்ளத்தாக்கு வளாகத்துக்கு வந்தது.

1961இல் தலைமை ஏற்றவர் யாழ்ப்பாணத்துக் கரம்பொன்னில் பிறந்த தனிநாயகம் அடிகளார். அதற்கு முன்பே ஐரோப்பிய நூலகங்களில் பழந்தமிழ் நூல்களைத் தேடி அலைந்தவர் அவர். 1954இல் வத்திக்கான் நூலகத்தில் அவர் கண்டது அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி. 16,000க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அந்த நூல், ஆசிரியர் மறைந்தபின் 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. இப்படி ஒற்றைப் படியாக எஞ்சும் நூல் எவ்வளவு பெரிய செல்வம், எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை அடிகளார் அறிந்திருந்தார்.

இதற்குக் கிரேக்க நூல் ஒன்று நல்ல சான்று. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஐனியாஸ் டாக்டிகஸ் என்பவர், முற்றுகைக்குள்ளான நகரைக் காப்பது எப்படி என்று எழுதினார். வாயிற்காவல், இரவுக் காவல், அடையாளச் சொல், எழுத்துகளுக்குப் புள்ளியிட்டு இரகசியச் செய்தி அனுப்பும் முறை எல்லாம் அதில் உண்டு. மதில் காப்பதை நம் புறப்பொருள் மரபு நொச்சி என்று சொல்லும். அவர் எழுதியது நொச்சிக்கென்றே ஒரு நூல். அது இன்று நம் கைக்கு எட்டுவது, பிளாரன்ஸ் நகரில் உள்ள 10ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படி ஒன்றினால்தான். மறுமலர்ச்சிக் கால எழுத்தர்கள் அதன் வழிவந்த படிகளைக் கையால் எழுதினார்கள். அவற்றில் சில இன்றும் பாரிஸில் இருக்கின்றன. 1609இல் கசாபன் என்ற அறிஞர் அதை அச்சேற்றினார். நூலை எழுதியவர் ஒருவர். அதை இறக்கவிடாமல் காத்தவர்கள் படியெடுத்தவர்கள். புறநானூற்றில் உள்ள நம் நொச்சித் திணைப் பாடல்களும் அப்படித்தான் பிழைத்தன. கறையான் தின்னுமுன் ஏட்டை வேறு ஏட்டில் எழுதிவைத்த பெயர் தெரியாத கைகள் இல்லையென்றால், 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்திருக்க முடியுமா?

அந்தக் கைகளின் வேலையைத்தான் நம் துறையும் செய்தது. புரோயென்சாவின் அகராதி 1966இல் உருமாறாமல் நிழற்பதிப்பாகக் கோலாலம்பூரில் வெளிவந்தது. ரோமாபுரியில் ஓர் அலமாரிக்குள் இருந்த சொற்கள் உலகத் தமிழாய்வாளர் மேசைக்கெல்லாம் போயின. அதே ஆண்டு ஏப்ரல் 16 முதல் 23 வரை முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு இதே நகரில் கூடியது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடங்கிவைத்தார். மாநாட்டின் மேடை பலர் நினைவில் நிற்கிறது. அகராதிப் பதிப்போ சத்தமில்லாமல் நடந்த வேலை. துறையின் பெருமைகளில் அதை மாநாட்டுக்கு ஒரு படியும் தாழ்த்தாமல் வைப்பேன்.

அந்த வேலை இன்னும் முடியவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த குடும்பங்களிலும், கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து நகரத்துக்குப் பெயர்ந்த வீடுகளிலும் தாத்தாவின் கணக்கு நோட்டு, பாட்டி எழுதிவைத்த கைமருந்துக் குறிப்பு, கோயில் திருவிழா நோட்டீஸ், ஊர்க் கடிதம் என்று ஒற்றைப் படிகள் இருக்கின்றன. வீடு மாறும் நாளில் அவை பழைய பேப்பரோடு போய்விடுகின்றன. தூக்கிப் போடுமுன் ஒரு நகல் எடுத்து நூலகத்தில் சேர்த்துவிடுங்கள். உழைப்பின் வெள்ளியைக் கொடுத்துத் துறையை எழுப்பியவர்களின் கையெழுத்து அந்த நோட்டுகளில்தான் இருக்கிறது.