கறி தொடாதவங்க தலையில புழு எப்படி வந்தது?

நாகலூர்ல நான் ஸ்கூல் படிச்சப்போ, எங்க தெரு அக்கா ஒருத்தருக்குத் திடீர்னு வலிப்பு வந்தது. ஸ்கேன் எடுத்துட்டு, மூளையில நாடாப்புழுவோட கட்டி இருக்குன்னு சொன்னாங்க. ஊர் உடனே தீர்ப்பு சொல்லிடுச்சு: "பன்னிக்கறி தின்னிருப்பா." அவங்க முட்டைகூட தொடாத ஆள். அப்புறம் எப்படி?

இந்தக் கேள்வி பழசு. இந்தியாவுல வேலை பார்த்துட்டு ஊர் திரும்பின பிரிட்டிஷ் சிப்பாய்கள் நிறைய பேருக்கு வலிப்பு வந்தது. அப்படி 450 பேரோட கேஸைத் தொகுத்து 1961ல ஒரு அறிக்கை வந்தது. காரணம் இதே கட்டிதான்.

1980கள்ல சி.டி. ஸ்கேன் வந்ததும் நம்ம ஊர்லயும் வலிப்பு நோயாளிகளோட மூளையில ஒரே ஒரு சின்னக் கட்டி தெரிய ஆரம்பிச்சது. பெரும்பாலும் காசநோய்க் கட்டின்னு நினைச்சு, மாசக்கணக்குல காசநோய் மாத்திரை கொடுத்தாங்க. வேலூர் சி.எம்.சி.யில மேத்யூ சாண்டி, ராஜசேகர் குழு அந்தக் கட்டிகளை வெளிய எடுத்துச் சோதிச்சாங்க. பல கட்டிகளுக்குள்ள இருந்தது நாடாப்புழுவோட இளம்புழு! 1989ல லான்செட் இதழ்ல எழுதினாங்க. பின்னாடி வேலூர் மாவட்டத்துல நடந்த கணக்கெடுப்புல, வலிப்பு நோயாளிகள்ல சுமார் மூணுல ஒரு பங்கு பேருக்கு இதுதான் காரணம்னு தெரிஞ்சது.

இப்ப லாஜிக்கைப் பார்ப்போம். வேகாத பன்றிக்கறியில கட்டி இருந்தா, அதைச் சாப்பிட்டவர் குடல்ல நாடாப்புழு வளரும். அவ்வளவுதான், கறியிலிருந்து நேரா தலைக்குப் போகாது. ஆனா அந்தப் புழுவோட முட்டைகள் அவர் மலத்துல வெளிய வரும். அந்த முட்டையை முழுங்கினவங்களுக்குத்தான், இளம்புழு ரத்தம் வழியா மூளைக்குப் போகும். சாக்கடைத் தண்ணி பாய்ச்சின கொத்தமல்லி, கை கழுவாதவர் நறுக்கின வெங்காயம், இப்படி எதுல வேணா முட்டை வரலாம். பன்றிக்கறியே தொடாத நியூயார்க் யூதக் குடும்பங்கள்லயும் 1990 வாக்குல இந்த நோய் வந்தது. அவங்க வீட்டு வேலையாட்கள்ல ஒருத்தர் குடல்ல புழு இருந்திருக்கு.

அதனால சந்தையில வாங்கின கேரட்டைச் சட்டையில துடைச்சிட்டுக் கடிக்காதீங்க. ஓடுற தண்ணியில நல்லா தேய்ச்சுக் கழுவுங்க, தோலைச் சீவுங்க. வேகவைச்சா முட்டை செத்துடும். குடல் புழுவை மாத்திரையாலயே வெளியேத்தலாம். மலம் மண்ணுல கலக்காம இருந்தா, இந்தச் சங்கிலியே அறுந்துடும்.

அந்த அக்கா தப்பு எதுவும் பண்ணல. யாரோ ஒருத்தரோட மலம் அவங்க தட்டு வரைக்கும் வந்திருக்கு. அதைத்தான் அன்னிக்கு ஊர் கேட்டிருக்கணும்.