காரணம் தெரியாத சாவு

எங்கள் வீட்டு மணி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் செத்துக் கிடந்தது. முந்தின இரவு தயிர்சாதம் தின்றது. பத்து மணிக்குத் தெருவில் போன யாரையோ பார்த்துக் குரைத்தது. விடிந்து கதவைத் திறந்தேன். திண்ணையோரம் படுத்திருந்தது. கூப்பிட்டேன், வால் அசையவில்லை.

பாம்பு என்றார் பக்கத்து வீட்டுக்காரர். விஷம் என்றாள் எதிர்வீட்டு அம்மாள். மிருக வைத்தியர் உடம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “சொல்ல முடியாது, சார்” என்றார். கொல்லையில் மாமரத்தடியில் புதைத்தோம். அன்று முதல் என் பெண்ணுக்கு ஒரே கேள்விதான்: “நாம என்னப்பா தப்புப் பண்ணினோம்?”

என் கதைகளில் யார் செத்தாலும் காரணம் சொல்லிவிடுவேன். இதற்குச் சொல்லத் தெரியவில்லை. ஆகவே சரித்திரத்தைப் புரட்டினேன்.

1978-ம் வருஷம் அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று பல தேசங்களில் நாய்கள் திடீர் திடீரென்று செத்தன. வாந்தி எடுத்து, ரத்தமாகக் கழிந்து, ஓரிரு நாளில் எல்லாம் முடிந்துவிடும். சில வாரக் குட்டிகளுக்கோ அந்த அவகாசம்கூட இல்லை. விளையாடிக் கொண்டிருந்தது அப்படியே சுருண்டு விழும். இருதயத் தசையே கெட்டுப்போயிருக்கும்.

புதிய வைரஸ் ஒன்றுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. ‘பார்வோ’ என்று பெயர். லத்தீனில் ‘சிறியது’ என்று பொருள். பூனைகளைத் தாக்கி வந்த ஒரு வைரஸுக்கு அது நெருங்கிய உறவு. அதனால், பூனைக்குப் போடும் தடுப்பு மருந்தையே முதலில் நாய்க்குப் போட்டுச் சமாளித்தார்கள். பின்னர் கார்னெல் சர்வகலாசாலையில் லேலண்ட் கார்மைக்கேலும் மாக்ஸ் ஆப்பெலும் நாய்களுக்கென்றே தடுப்பூசி கண்டார்கள். இன்று குட்டிகளுக்குத் தவறாமல் போடும் ஊசிகளில் அதுவும் ஒன்று.

வேறு காரியத்துக்காக எடுத்து வைத்திருந்த பழைய நாய் ரத்தத்தைப் பிற்பாடு சோதித்துப் பார்த்தார்கள். 1970-களின் நடுவிலேயே ஐரோப்பிய நாய்களிடம் இந்த வைரஸின் சுவடு இருந்திருக்கிறது. பெயர் வைக்கும் முன்பே யமன் வீட்டுக்குள் வந்துவிட்டான்!

இன்னொன்றும் படித்தேன். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்குமாம். செருப்பில் ஒட்டிக்கொண்டும் வருமாம். அப்படியானால் 1978-ல் எத்தனையோ வீடுகளில், நாயை உயிராக வளர்த்தவரே அதன் சாவையும் காலில் சுமந்து வந்திருக்கலாம். அவரைக் குற்றவாளி என்று சொல்ல உங்களுக்கு மனம் வருமா? எனக்கு வரவில்லை.

இதையெல்லாம் என் பெண்ணிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “மணிக்கும் அதுதானாப்பா?” என்றாள்.

“இல்லை, அம்மா. மணிக்கு அந்த அடையாளம் ஒன்றும் இல்லை. அதற்கு என்ன வந்ததென்று நமக்குத் தெரியாது. ஆனால் தெரியாமல் போனது தப்பு ஆகாது.”

அவள் பதில் சொல்லவில்லை. சாயங்காலம் பார்த்தேன். திண்ணையோரம் அத்தனை நாளாக யாரும் தொடாமல் கிடந்த மணியின் அலுமினியத் தட்டைக் கிணற்றடியில் வைத்துத் தேய்த்துக் கொண்டிருந்தாள்.